ஒரே கேமரா, மூன்று வாசல்கள்

இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள நினைவுச்சின்னங்கள் பலவற்றின் நுழைவாயிலில் ஒரு கட்டணப் பலகை உண்டு. ஸ்டில் கேமராவுக்குக் கட்டணம் இல்லை. வீடியோ கேமராவுக்கு 25 ரூபாய். இந்தப் பாகுபாடு வகுக்கப்பட்ட காலத்தில் அவ்விரு சொற்களும் இரு வேறு பொருள்களைக் குறித்தன. ஒன்று கழுத்தில் தொங்கியது. மற்றொன்று தோளில் ஏறியது, அல்லது உள்ளங்கைப் பட்டைக்குள் அடங்கி நின்றது. காவலர் பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்தறிந்தார். இன்று கழுத்தில் தொங்குவதும் காணொளி எடுக்கிறது. சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியும் எடுக்கிறது. சொற்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

ஆகவே வாசலில் நிற்பவர் கருவி என்ன செய்யும் என்பதைப் பார்ப்பதில்லை. அது எப்படித் தோன்றுகிறது என்பதைப் பார்க்கிறார். சிறிய லென்ஸுடன் கழுத்தில் தொங்கும் கேமரா கேள்வியின்றி உள்ளே போகிறது. அதே கேமராவின் தலையில் ஓர் ஒலிவாங்கியும் கீழே ஒரு பிடியும் பொருத்தப்பட்டிருந்தால், "புரொஃபஷனல் கேமராவா? அனுமதிக் கடிதம் இருக்கிறதா?" என்ற வினா எழுகிறது. முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. அந்த விதிக்கு நியாயமும் உண்டு. ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்தில் முக்காலி இடையூறு. ஆனால் எழுதப்படாத விதி வேறு. கருவி பருத்தால் அது வணிகம். மெலிந்தால் அது பொழுதுபோக்கு.

அதே நாள் மாலை அதே மனிதர் ஒரு திருமண மண்டபத்துக்குள் நுழைந்தால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே சந்தேகத்துக்குரியது சிறிய கேமராதான். "இவ்வளவு சின்னதா இருக்கே தம்பி, இதுல நல்லா வருமா?" என்று மணமகளின் பெரியப்பா கேட்கிறார். சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு வந்த குழு தோளில் சுமந்து திரிந்த கருவியை நினைவூட்டுகிறார். காலையில் பெரிதாகத் தெரிந்ததற்காகத் தடுக்கப்பட்டவர், மாலையில் சிறிதாகத் தெரிந்ததற்காக விசாரிக்கப்படுகிறார். இரண்டு வாசல்களிலும் அவருடைய வேலையைப் பற்றி எவரும் எதையும் கேட்கவில்லை.

'தொழில்முறை' என்னும் சொல் ஒரு மனிதரின் பயிற்சியையும் பொறுப்பையும் குறிக்க வேண்டியது. புகைப்படத் துறையில் அது கருவியின் பருமனைக் குறிக்கும் பெயரடையாகச் சுருங்கிவிட்டது. இந்தச் சுருக்கத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

*

டிஎஸ்எல்ஆர் வகை ஸ்டில் கேமராவுக்குள் காணொளி நுழைந்த ஆண்டு 2008. அவ்வாண்டு ஆகஸ்டில் நிக்கான் டி90 அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2. இரண்டாவது கருவியின் உணரி, ஸ்டில் கேமராக்களில் பயன்பட்ட 35 மி.மீ. படச்சுருளின் சட்டக அளவு கொண்டது. பின்புலம் மங்கி முகம் மட்டும் துலங்கும் காட்சி அதுவரை பெரும் பொருட்செலவுள்ள சினிமா கேமராக்களின் தனிச்சொத்தாக இருந்தது. திடீரென அது ஒரு சிற்றூர் ஸ்டூடியோ உரிமையாளரின் கைக்கும் எட்டியது. குறைகள் இல்லாமல் இல்லை. உயர்தரப் பதிவு ஒரே தொடர்ச்சியில் ஏறத்தாழ 12 நிமிடத்தைத் தாண்டாது. ஒலியளவைக் கையால் கட்டுப்படுத்தும் வசதியும், சினிமாவுக்குரிய 24 பிரேம் வேகமும் 2010இல் மென்பொருள் புதுப்பிப்பின் வழியாகத்தான் வந்து சேர்ந்தன.

இந்தியத் திரைப்படத் துறை இக்கருவியை விரைவாகவே கைக்கொண்டது. 2011இல் ராம் கோபால் வர்மா, 'தொங்கல முட்டா' என்ற தெலுங்குப் படத்தை மிகச் சிறிய குழுவுடன் ஐந்து நாள்களில் கேனான் 5டி கேமராக்களைக் கொண்டு எடுத்து முடித்தார். அதே ஆண்டு மலையாளத்தில் சமீர் தாஹிரின் 'சாப்பா குரிசு' கேனான் 7டியில் படமானது. தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' 2012இல் 7டியில் எடுக்கப்பட்டு வெளிவந்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. உருவத்தால் 'ஸ்டில்' என்றழைக்கப்பட்ட கருவி பெருந்திரைக்குத் தகுதியானதா என்ற ஐயம் அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும்.

இவ்வரிசையில் தனித்துக் குறிப்பிட வேண்டியது அமோல் குப்தே இயக்கிய 'ஸ்டான்லி கா டப்பா' என்ற இந்திப் படம். 2011இல் வெளியான இதுவும் 7டியில் எடுக்கப்பட்டது. பள்ளிச் சிறுவர்களைக் கொண்ட இப்படம், சனிக்கிழமைப் பயிற்சிப் பட்டறைகளின் வடிவில் படமாக்கப்பட்டது. பெரிய கேமராவும் விளக்குகளும் கூச்சலும் நிறைந்த படப்பிடிப்பின் சாயல் அங்கே இல்லை. எனவே குழந்தைகள் கேமராவுக்காக நடிக்கவில்லை; வகுப்பில் இருப்பதைப் போலவே இருந்தார்கள். கருவியின் சிறுமை இங்கே படத்தின் உயிராகவே ஆகியிருக்கிறது. பருத்த கருவியால் அந்த முகங்களை எடுத்திருக்க முடியாது.

ஆயினும் மண்டபங்களில் நடந்தது வேறு. பழைய ஸ்டில் கேமராவில் காணொளி எடுக்கும்போது உள்ளிருக்கும் கண்ணாடி மேலெழுந்துவிடும். கண்ணருகே வைத்துப் பார்க்கும் துளை இருண்டுவிடும். புகைப்படக் கலைஞர் கேமராவை முகத்திலிருந்து விலக்கி, கையை நீட்டி, பின்புறத் திரையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். சுற்றுலாப் பயணி நிற்கும் நிலை அது. அதுவரை கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருந்தவர் திடீரென அமெச்சூரைப் போலத் தோன்றினார். கையும் நடுங்கியது. இதற்குத் தீர்வாக வந்தவை தோள் தாங்கி, குவியத்தைத் திருப்பும் பல்சக்கரம், லென்ஸின் முன் நிற்கும் கறுப்புப் பெட்டி ஆகியவை. இவற்றுக்கு உண்மையான பயன் இருந்தது. தோளில் ஏறிய கேமரா ஆடவில்லை. வெளிச்சம் லென்ஸில் சிதறவில்லை.

காலப்போக்கில் கண்ணாடியில்லாத கேமராக்கள் வந்தன. உடலுக்குள்ளேயே நடுக்கத்தைத் தணிக்கும் பொறியமைப்பு வந்தது. குவியம் முகத்தைத் தானே பின்தொடரத் தொடங்கியது. தேவை குறைந்தபோது அணிகலன்களும் குறைந்திருக்க வேண்டும். அவை குறையவில்லை. ஒரு பகுதி வேலைக்காகவும் பெரும் பகுதி காட்சிக்காகவும் கேமராவின் மேல் ஏறிக்கொண்டே இருக்கின்றன. கறுப்புப் பெட்டிக்குள் ஒரு வடிகட்டிகூட இல்லாமல் இரவு மண்டபத்தில் சுமந்து திரியும் குழுக்கள் உண்டு. அந்தப் பெட்டி பணி செய்வது லென்ஸுக்கு அன்று, பெரியப்பாவுக்கு.

*

மூன்றாவது வாசல் சுங்கத்துடையது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவி வீடியோ கேமராவாகக் கருதப்பட்டுக் கூடுதல் வரிக்கு உள்ளானது. அதனால் உலகெங்கும் விற்கப்பட்ட ஸ்டில் கேமராக்கள் பல ஆண்டுகள் 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே நின்றன. தாலி கட்டும் நேரத்தில் பதிவு நின்றுபோன அனுபவம் ஊருக்கொன்று இருக்கும். அதற்குக் காரணம் கருவியின் பலவீனம் என்றே பலர் எண்ணினர். காரணம் ஒரு வரிச் சொல்லின் வரையறை.

இந்தியாவிலும் அத்தகைய வரையறை உண்டு. சுங்க விலக்கு அறிவிக்கையில் 2012இல் சேர்க்கப்பட்ட விளக்கம் ஒன்று, குறைந்தது 800க்கு 600 படப்புள்ளித் தெளிவில், விநாடிக்குக் குறைந்தது 23 பிரேம் வேகத்தில், ஒரே தொடர்ச்சியில் 30 நிமிடமாவது பதிவு செய்யவல்ல கருவிகளை விலக்கின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. அவ்வாண்டு இறக்குமதியான கேமராக்கள் குறித்து 2014இல் அனுப்பப்பட்ட அறிவிப்பு, கேனான் இந்தியா வழக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021இல் வந்த தீர்ப்பு, அறிவிப்பை அனுப்பிய வருவாய்ப் புலனாய்வு அதிகாரிக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற வினாவில் நின்றது, இல்லை என்றது. 2024 நவம்பரில் மறுசீராய்வில் அந்த நிலைப்பாடு மாற்றப்பட்டது. கழுத்தில் தொங்கும் ஒரு கருவி ஸ்டில்லா வீடியோவா என்பதில் தொடங்கிய தகராறு, ஓர் அதிகாரியின் தகுதி குறித்த பெருவிவாதமாக முடிந்தது.

பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வை இன்னும் நுட்பமானது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு புகைப்படத்தின் படைப்பாளர் அதை எடுத்தவர். ஒரு திரைப்பதிவின் படைப்பாளர் அதன் தயாரிப்பாளர். 2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்தின் உரிமைக் காலம் எடுத்தவரின் ஆயுளோடு மேலும் 60 ஆண்டுகள்; திரைப்பதிவுக்கோ வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள். ஒரே கேமரா, ஒரே கை, ஒரே நிமிடம். ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் படைப்பாளர். பக்கத்திலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் படைப்பாளர் வேறொருவராகவும் இருக்கலாம். இரண்டிலும் ஒரு பொது விதி உண்டு. கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவரே, மாறான உடன்படிக்கை இல்லாதபோது, உரிமையின் முதல் உடைமையாளர்.

மொழியும் இந்தப் பிரிவை அறிந்திருக்கிறது. இந்தியில் பேசுவோர் புகைப்படத்தைப் பெரும்பாலும் 'கீஞ்ச்னா' என்பர், அதாவது இழுப்பர். காணொளியை 'பனானா' என்பர், அதாவது ஆக்குவர். ஒரு கணத்தைப் பற்றி இழுப்பது ஒரு செயல், நீளும் காலத்திலிருந்து ஒன்றை ஆக்குவது வேறு செயல் என்ற உணர்வு அந்த வினைச்சொற்களில் உறைந்திருக்கிறது. தமிழ்ப் பேச்சு வழக்கோ போட்டோவையும் வீடியோவையும் ஒரே 'எடு' என்ற வினையில் அடக்கிவிடுகிறது. "ரெண்டையும் நீங்களே எடுத்துடுங்க" என்று மண்டபத்தில் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிவதற்கு இந்த ஒற்றை வினையும் துணைபோகிறது. ஆனால் இந்தி பேசும் ஊர்களிலும் இதே கோரிக்கை எழுகிறது என்பதால் பழியை முழுவதும் மொழியின் மேல் சுமத்த இயலாது.

*

'ரெண்டையும் எடுப்பது' என்றால் என்ன என்பதை வேலையின் உள்ளிருந்து பார்க்க வேண்டும். இந்திய மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. அதில் எரியும் குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. எனவே காணொளிக்கு 25 பிரேம் வேகமும் விநாடியில் 50இல் ஒரு பங்கு ஷட்டரும் பொருத்தம். வேறு நாட்டு விளக்கப் படத்தைப் பார்த்து 30 பிரேம், 60இல் ஒரு பங்கு என்று வைத்தவரின் பதிவில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து செல்லும். புகைப்படத்துக்கு நிலைமை வேறு. மாலை மாற்றும் கைகளின் அசைவை உறைய வைக்க 250இல் ஒரு பங்கோ 500இல் ஒரு பங்கோ வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது ஷட்டர், ஒளியுணர்வு, லென்ஸ் திறப்பு ஆகியவை சேர்ந்து மாற வேண்டும். சடங்கு அதற்காகக் காத்திருப்பதில்லை.

அடுத்தது பிளாஷ். பெரும்பாலான கேமராக்களின் உணரி ஒரு பிரேமை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. வாசிப்பின் நடுவே பக்கத்திலிருப்பவரின் பிளாஷ் வெடித்தால், அந்தப் பிரேமின் பாதி வெளுத்தும் பாதி இருண்டும் பதிவாகும். புகைப்படத்துக்கு ஒளியூட்டிய அதே கணம் காணொளியைச் சிதைக்கிறது. இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று உதவுபவை அல்ல. பல இடங்களில் ஒன்றையொன்று கெடுப்பவை. தேர்ந்த குழுக்கள் இதை முன்கூட்டியே பேசி, எந்தச் சடங்கில் பிளாஷ் அணைந்திருக்கும் என்று முடிவு செய்துகொள்கின்றன. அந்தப் பேச்சு எந்த விலைப்பட்டியலிலும் ஏறுவதில்லை.

குவியத்தின் கணக்கும் வேறு. ஒரு கணத்துக்குப் பத்துப் படங்கள் எடுத்து, அவற்றில் ஒன்று கூர்மையாக அமைந்தால் புகைப்படத்துக்குப் போதும். காணொளியில் இருபது விநாடிக் காட்சி என்றால் 500 பிரேமும் கூர்மையாக இருக்க வேண்டும். மணமகள் படியிறங்கி வரும்போது முகத்தின் கூர்மை நடுவழியில் நெற்றிச்சுட்டிக்குத் தாவிவிட்டால், அந்த நடையைத் திரும்ப நடத்திக் காட்டச் சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் புறக்கணிக்கப்படுவது ஒலி. கேமராவின் உடலிலுள்ள சிறு ஒலிவாங்கி நாகஸ்வரத்தையும் தவிலையும், பாராத்தின் பேண்டையும் டோலையும் எதிர்கொள்ளும் தகுதியுடையதன்று. தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு பேரொலியின்போது அடங்கி, அமைதியின்போது பொங்கி, மின்விசிறியின் இரைச்சலைப் பெரிதாக்கிக் காட்டும். பாட்டி பேத்தியின் காதருகே குனிந்து சொன்ன வாழ்த்து பதிவாகவே ஆகாது. பத்தாண்டுகள் கழித்து, பாட்டி இல்லாத வீட்டில், குடும்பம் அந்தக் காணொளியில் தேடப்போவது அவருடைய குரலைத்தான். அக்குரல் இருக்க வேண்டிய இடத்தில் கடையில் வாங்கிய பின்னணி இசை இருக்கும். மணமகனின் சட்டையில் மறைவாகக் குத்தப்பட்ட ஒரு சிறு ஒலிவாங்கி இதைத் தவிர்த்திருக்கும். ஆனால் அது எவர் கண்ணுக்கும் தெரியாது. தெரியாத பொருளால் மதிப்பு கூடுவதில்லை என்பதால் அது வாங்கப்படுவதில்லை.

சூட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020இல் வந்த கேனான் ஆர்5, 8கே பதிவின்போது சூடேறி நின்றுவிடுவது உலகெங்கும் பேசப்பட்டது. படம் எடுப்பதற்கென்று வடிவமைக்கப்பட்ட சிறு உடலில் மணிக்கணக்கான காணொளியை ஓட்டுவது இயல்பிலேயே ஒரு சமரசம். மே மாதத்து நாக்பூர் முற்றத்திலோ சென்னைப் பந்தலிலோ அந்தச் சமரசம் இன்னும் இறுகுகிறது. மாற்றுக் கேமரா, மாற்று பேட்டரி, ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவு, அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் என்பவையே தொழிலின் முதுகெலும்பு. இவையும் கண்ணுக்குத் தெரியாதவை.

*

இந்தியத் திருமண ஒளிப்பதிவின் விலை பெரும்பாலும் கருவிகளின் எண்ணிக்கையில் பேசப்படுகிறது. இத்தனை கேண்டிட், இத்தனை டிரடிஷனல், ஒரு டிரோன், ஒரு கிரேன், மேடைக்கருகே ஒரு எல்இடி திரை என்று பட்டியல் நீளும். ஆட்கள் அந்தப் பட்டியலில் கருவிகளின் நிழலாகவே வருகிறார்கள். ஸ்டில்லும் வீடியோவும் ஒரே உடலுக்குள் சேர்ந்தபின் பட்டியலின் ஒரு வரியைக் குறைப்பது எளிதாயிற்று. "கேமரா ரெண்டும் எடுக்கும் என்கிறீர்களே, பிறகு எதற்கு இரண்டு ஆள்?" என்ற கேள்விக்கு, விலை குறைந்துவிடுமே என்று அஞ்சும் சிறு ஸ்டூடியோவிடம் பதில் இல்லை. இரண்டு கூலி ஒன்றாகிறது. விளக்குப் பிடித்த பையன் முதலில் போகிறான். அடுத்து ஒலி பார்த்தவர் போகிறார். எஞ்சியவர் அதிகாலை முதல் நள்ளிரவு வரை இரண்டு வேலையும் பார்க்கிறார்.

மறுபுறம், ஆளில் மிச்சமான பணம் அந்த மனிதரிடம் தங்குவதில்லை. கருவியின் தோற்றத்துக்குப் போகிறது. பெரிய கேமரா இல்லாவிட்டால் பெரிய வாய்ப்பு இல்லை என்ற அச்சத்தில் இளைஞர்கள் மாதத் தவணையில் கருவி வாங்குகிறார்கள். முகூர்த்த மாதங்களில் ஓடும் வருமானம் மார்கழியிலும் ஆடியிலும் நிற்கிறது. வட மாநிலங்களில் சாதுர்மாதத்தின்போது நிற்கிறது. தவணைக்கு அத்தகைய ஓய்வு மாதங்கள் இல்லை. தவணை முடியும்முன் அடுத்த தலைமுறைக் கேமரா வந்துவிடுகிறது. வாங்கியவரின் படம் மோசமாகிவிடுவதில்லை. அவருடைய தோற்றம் பழையதாகிவிடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. கூட்டத்தில் தோற்றமும் ஒரு கருவியே என்பார்கள். தோள் தாங்கியுடன் வருபவருக்கு மக்கள் வழிவிடுகிறார்கள். வெறுங்கையில் சிறு கேமராவுடன் நிற்பவரை விருந்தினர் என்றெண்ணி மறைத்து நிற்கிறார்கள். அர்ச்சகரும் அவரை விலகச் சொல்கிறார். இது உண்மை. வழி கிடைத்தால்தான் படம் கிடைக்கும். நீதிமன்றத்தில் கறுப்பு அங்கிக்கும் மருத்துவமனையில் வெள்ளை மேலாடைக்கும் இருக்கும் பயன் இங்கும் உண்டு.

அந்த ஒப்புமையையே சற்று நீட்டிப் பார்க்கலாம். வழக்கறிஞரின் அங்கியைப் பார்த்து அவர் வாதத்தின் தரத்தை எவரும் தீர்மானிப்பதில்லை; அங்கிக்கு அப்பால் பட்டமும் பதிவும் பார் கவுன்சிலும் இருக்கின்றன. புகைப்படத் தொழிலில் அங்கி மட்டுமே இருக்கிறது, அதுவும் லட்ச ரூபாய் அங்கி. வழி கிடைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரே நிறச் சட்டை போதும். கழுத்தில் பெயரட்டை போதும். சடங்கு தொடங்குமுன் அர்ச்சகரையும் வீட்டுப் பெரியவரையும் கண்டு வணங்கி, எங்கே நிற்கப்போகிறோம் என்று சொல்லிவைப்பது எல்லாவற்றினும் மேலானது. இவை மலிவானவை. கடன் கேட்பதில்லை.

சிறிய கருவியின் அபாயமும் பேசப்பட வேண்டும். முன்னர்க் குறிப்பிட்ட 'சாப்பா குரிசு', 'வழக்கு எண் 18/9' என்ற இரண்டு படங்களும் ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டவை. இரண்டு கதைகளும் கைபேசியில் பதிவான ஓர் அந்தரங்கக் காணொளியைச் சுற்றிச் சுழல்பவை. சிறிய கேமரா முகங்களின் இயல்பைக் காப்பது போலவே, முகங்களின் சம்மதமின்றியும் அவற்றை எடுத்துச் செல்லவல்லது. புகைப்படத்துக்குக் கேமராவை உயர்த்தும்போது எதிரிலிருப்பவர் அதை அறிகிறார். சிரிக்கவோ முகம் திருப்பவோ ஒரு கணம் கிடைக்கிறது. காணொளி ஓடிக்கொண்டிருப்பதை அந்த உடலமைப்பு அறிவிப்பதில்லை. மணப்பெண் அலங்கரித்துக்கொள்ளும் அறைக்குள் நுழையும் கேமரா இப்போது ஸ்டில்லில் இருக்கிறதா வீடியோவில் இருக்கிறதா என்று அங்குள்ள பெண்களுக்குத் தெரிந்தாக வேண்டும். "வீடியோ ஓடுது" என்று உரக்கச் சொல்லிவிட்டு எடுப்பவர், எவ்வளவு சிறிய கேமராவை வைத்திருந்தாலும், தொழில்முறையாளர்.

*

ஆக, மூன்று வாசல்களிலும் திருத்தம் தேவைப்படுகிறது. நினைவுச்சின்ன வாசலில் கருவியின் பெயரைக் கைவிட்டுப் பயன்பாட்டைக் கணக்கில் கொள்வது எளிது. முக்காலி, கூடுதல் விளக்கு, நடிகர்கள், இடமறிப்பு ஆகியவை இருந்தால் அனுமதியும் கட்டணமும். இல்லையென்றால் எந்த அளவுக் கேமராவாயினும் ஒரே நடைமுறை. வரிச் சட்டத்திலும் நிமிடக் கணக்கால் ஸ்டில்லையும் வீடியோவையும் பிரிப்பது காலங்கடந்த முயற்சி. அதைத் திருத்துவது அரசின் வேலை. அதற்குக் காலம் ஆகலாம்.

மண்டப வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பங்கள் எத்தனை கேமரா என்று கேட்பதை விடுத்து வேறு சில கேள்விகளைக் கேட்கலாம். ஸ்டில்லை யார் எடுக்கிறார், வீடியோவை யார் எடுக்கிறார்? ஒலியைத் தனியாகப் பதிவு செய்வீர்களா? ஒரு கேமரா நின்றுபோனால் மாற்று என்ன? நகல் எத்தனை இடத்தில், எத்தனை மாதம் பாதுகாக்கப்படும்? எங்கள் வீட்டுக் காட்சிகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்துமுன் கேட்பீர்களா? இக்கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்பவரின் கையில் இருப்பது எதுவானாலும் அவரை நம்பலாம்.

புகைப்படக் கலைஞர்களின் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. கருவியின் பெயரால் விலை சொல்லும்வரை கருவியின் பெயராலேயே அவர்கள் அளக்கப்படுவார்கள். விலைப்பட்டியலில் கேமராவின் பெயருக்குப் பதிலாக ஆளையும் வேலையையும் எழுத வேண்டும்: புகைப்படத்துக்கு ஒருவர், காணொளிக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், தொகுப்புக்கு இத்தனை நாள். ஒருவரே இரண்டும் செய்ய நேர்ந்தால், எந்தச் சடங்கில் எது எடுக்கப்படும், எது எடுக்கப்படாது என்பதை முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். உரிமை யாருக்கு என்பதற்குச் சட்டம் வாய்மொழியை நம்பவில்லை. உடன்படிக்கை இல்லையென்றால் உரிமை கூலி கொடுத்தவருடையது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு பக்கத் தாளில் இருவர் கையொப்பமிடுவது தோள் தாங்கியைவிடப் பாரம் குறைந்தது.

சடங்கெல்லாம் முடிந்து, மண்டபத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும் நேரத்தில், ஒரு மூலையில் இளைஞர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து வைத்து இரண்டாவது நகல் முடியும்வரை விழித்திருப்பார். தோள் தாங்கி பெட்டிக்குள் போயிருக்கும். பெரியப்பா உறங்கப் போயிருப்பார். அவ்வீட்டின் அந்த நாளைக் காப்பாற்றும் வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். அதற்கும் சேர்த்துக் கூலி பேசப்பட்டிருக்க வேண்டும்.